பொழுதளக்கும் வானொலி
பி.பி.சி. நான்காம் நிலையத்தின் ஒரு நாள்

வானொலி நிலையங்களுள் இசையை நம்பி வாழ்வன பல. பேச்சை நம்பி வாழ்வன சில. பேச்சொன்றையே முதலாகக் கொண்டு, ஒரு நாட்டு மக்களின் நாளை விடியல் முதல் நள்ளிரவு வரை கூறுபடுத்திக் கொடுத்துவரும் நிலையங்களுள் தலையாயது பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் நான்காம் நிலையம். 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இப்பெயர் பெற்றது. அதற்கு முன்னர் அதன் பெயர் உள்நாட்டு ஒலிபரப்பு. பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக, 1939 செப்டம்பர் 1 அன்று, அதுவரை தனித்தனியே நடந்துவந்த தேசிய ஒலிபரப்பையும் வட்டார ஒலிபரப்புகளையும் ஒன்றாக்கி அந்த உள்நாட்டு ஒலிபரப்பு அமைக்கப்பட்டது.

அதன் நிகழ்ச்சி நிரலை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது வெறும் நேரப் பட்டியலாகவே தோன்றும். ஐந்தரை மணியளவில் வானிலை, ஆறு மணிக்குச் செய்தி, பத்து மணிக்கு மாதர் நிகழ்ச்சி, இரவு ஏழு மணிக்குத் தொடர் நாடகம் என்று அது போகும். ஆனால் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வழக்கு உண்டு. யார் பேசலாம், எந்த வேளையில் பேசலாம், எதைப் பற்றிப் பேசலாகாது என்னும் வழக்கு அது. பத்திரிகை அதிபர்களும், பாராளுமன்றமும், திருச்சபையும், உழவரும், இல்லத்தரசியரும், மாலுமிகளும் வாதாடிப் பெற்ற இடங்களே இன்றைய நிரலாக நிற்கின்றன. ஒருமுறை பெற்ற இடத்தை நேயர்கள் எளிதில் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

விடியலுக்கு முன் ஒலிப்பது கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பு. அதன் வரலாறு வானொலியினும் மூத்தது. 1859 அக்டோபரில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து லிவர்ப்பூலுக்குத் திரும்பிக் கொண்டிருந்த ‘ராயல் சார்ட்டர்’ என்னும் நீராவிக் கப்பல், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவுக் கரையில் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. பொற்சுரங்கங்களில் பொருளீட்டித் தாயகம் திரும்பியவர் பலர் அதில் இருந்தனர். மாண்டவர் 400 பேருக்கு மேல். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே அத்தனை உயிரும் போயின. அப்போது அரசாங்க வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் இராபர்ட் பிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ஏற்றிச் சென்று உலகைச் சுற்றி வந்த ‘பீகிள்’ கப்பலின் தலைவரும் இவரே. தந்தியின் உதவியால் புயலை முன்னறிந்து துறைமுகங்களுக்குச் சொல்ல இயலும் என்று இவர் வாதாடினார். 1861-இல் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கியும் வைத்தார். அறிஞர் சிலர் அதனைச் சோதிடம் என இகழ்ந்தனர். கணிப்பு பொய்த்த நாட்களில் செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. உடல் நலிவும் கடன் சுமையும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்ட, 1865-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவர் மறைவுக்குப் பின் அறிவிப்புகள் நிறுத்தப்பட்டன. கடலோடிகள் கேட்டுக் கொண்டதன் பேரிலேயே புயல் எச்சரிக்கை மீண்டும் உயிர் பெற்றது. எள்ளியவர் கரையில் இருந்தோர். வேண்டியவர் கடலில் இருந்தோர்.

அந்த எச்சரிக்கை 1925-இல் டாவென்ட்ரி நகரத்து நெட்டலைக் கோபுரத்தின் வழியே வானொலிக்கு வந்தது. போர்க்காலத்தில் வானிலை ஓர் இராணுவ இரகசியமாகிவிட்டபடியால் 1939 முதல் 1945 வரை வாய்மூடிக் கிடந்தது. இன்று பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நார்வே நாட்டை ஒட்டிய வைக்கிங் பகுதியில் தொடங்கி, பார்ட்டீஸ், குரோமார்ட்டி, போர்த், டைன், டாகர் என்று கடிகார முள் செல்லும் திசையில் தீவுகளைச் சுற்றி வந்து ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் அறிவிப்பு முடியும். காற்றின் திசை, அதன் வலிமை, மழை, பார்வைத் தொலைவு ஆகியவை மட்டுமே சொல்லப்படும். மொத்தம் ஏறத்தாழ 350 சொற்களுக்கு மேற்படலாகாது என்பது விதி. வினைச்சொல்லுக்குக்கூட இடமில்லாத சிக்கனம் அது. மாலுமி கையில் எழுதுகோலுடன் கேட்பான் என்பதால் அறிவிப்பாளர் நிதானமாகவும் ஏற்ற இறக்கமின்றியும் படிக்க வேண்டும். ஸ்பானிய நாட்டினர் பினிஸ்டர் என்னும் பெயரை வேறொரு சிறு பகுதிக்கு வழங்கி வந்ததால், குழப்பம் தவிர்க்க 2002-இல் பிரிட்டனின் பினிஸ்டர் பகுதிக்குப் பிட்ஸ்ராயின் பெயர் இடப்பட்டது. இகழப்பட்ட மனிதரின் பெயர் 137 ஆண்டு கழித்துக் கடலின்மேல் எழுதப்பட்டது.

இக்காலக் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியே வானிலை வந்து சேர்கிறது. எனினும் படகே ஏறி அறியாத இலட்சக்கணக்கானோர் படுக்கையில் கிடந்தவாறு அந்தக் கடற்பெயர்களைக் கேட்டு வருகின்றனர். 1995-இல் நள்ளிரவு அறிவிப்பைப் பன்னிரண்டு நிமிடம் தள்ளி வைக்க நிலையத்தார் எண்ணினர். செய்தித்தாள்கள் தலையங்கம் தீட்டின, பாராளுமன்றத்தில் பேச்செழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. பன்னிரண்டு நிமிடத்துக்கா இவ்வளவு என்று வியப்போர் உண்டு. ஆனால் அந்நாட்டார் பலருக்கு அது மணியடித்து நாளை மூடும் ஓசை என்பதை மறக்கலாகாது.

வானிலைக்குப் பின் உழவர்க்கான சிறு நிகழ்ச்சியும் ஒரு வேண்டுதலும் வரும். முன்னது 1960 முதல் நடந்து வருவது. ஒரு காலத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னால், இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நாடுகளின் பழம்பாட்டு மெட்டுக்களைக் கோத்த ஓர் இசை நாள்தோறும் விடியலில் ஒலித்தது. 1978 முதல் ஒலித்த அதனை 2006 ஏப்ரலில் நிறுத்திவிட்டனர். அவ்விசைக்காகவும் மக்கள் போராடினர், அம்முறை தோற்றனர்.

மணி ஆறாகிறது. ஆறு குறுவொலிகள் நொடிக்கொன்றாக எழுகின்றன. இந்த நேரக் குறி 1924 பிப்ரவரி 5-ஆம் நாள் கிரீனிச் வானாய்வு நிலையத்திலிருந்து முதன்முதல் ஒலித்தது. முல்லைப்பாட்டின் பாசறையிலே பொழுதளந்து சொன்ன நாழிகைக் கணக்கர், ஓர் அரசனுக்கும் அவன் படைக்கும் மட்டுமே நாழிகை சொன்னார்கள். இதுவோ ஒரு நாடு முழுவதற்கும் ஒரே கணத்தில் நாழிகை சொல்லிற்று. 1972 முதல் ஆறாவது ஒலி மற்றவற்றினும் நீண்டது. அதன் தொடக்கமே மணியின் தொடக்கம். 1990-இல் கிரீனிச்சின் பொறுப்பு முடிந்து பி.பி.சி. தானே அவ்வொலிகளை எழுப்பத் தலைப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்முறை வானொலியில் ஒலி சில நொடி பிந்தி வருவதால், புதிய கருவியில் கேட்பவரின் கைக்கடிகாரம் பழைய கருவியில் கேட்பவருடையதினும் பின்தங்கிவிடும். அறிவியல் முன்னேறிய பின் நேரம் பின்னேறிற்று!

குறுவொலியை அடுத்து வருவது செய்தி. காலைச் செய்தி இன்று இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் 1922 நவம்பரில் ஒலிபரப்பு தொடங்கியபோது மாலை ஏழு மணிக்கு முன் செய்தி கூறலாகாது என்பது கட்டளை. காரணம் பத்திரிகை அதிபர்களே. காலையிலே வானொலி செய்தி சொன்னால் காலைப் பத்திரிகையை யார் வாங்குவார், மாலையிலே சொன்னால் மாலைப் பத்திரிகையை யார் வாங்குவார் என்பது அவர்கள் கவலை. செய்தி நிறுவனங்கள் தரும் செய்தியைப் படிப்பதன்றித் தானே சென்று செய்தி திரட்டவும் வானொலிக்கு உரிமை இல்லை. 1926 மே மாதத்துப் பொது வேலைநிறுத்தத்தின்போது அச்சகங்கள் மூடப்பட்டன, பத்திரிகைகள் வரவில்லை, தடை தளர்ந்தது. நாளொன்றுக்குப் பலமுறை செய்தி சொன்ன வானொலி வீட்டுக்கு வீடு இன்றியமையாததாயிற்று. அந்த ஒன்பது நாட்களில் வேறொன்றும் விளங்கிற்று. நிலையத்தைக் கைப்பற்றி அரசாங்கத்தின் குரலாக்க வேண்டும் என்று வின்ஸ்டன் சர்ச்சில் வற்புறுத்தினார். நிலையத் தலைவர் ஜான் ரீத் அதற்கு இடங்கொடாமல் காத்தார். ஆனால் காத்த விதம் குறையற்றதன்று. எதிர்க்கட்சித் தலைவர் இராம்சே மக்டொனால்டுக்கு ஒலிவாங்கி மறுக்கப்பட்டது. சமரசம் பேச வந்த காண்டர்பரி பேராயருக்கும் அது உடனே கிட்டவில்லை. விடுதலை முழுமையாகக் கிடைக்கவில்லை. கைப்பற்றப்படாமல் தப்பியது என்பதே சரியான கணக்கு.

தடைகள் இருந்த அக்காலத்துச் செய்திப் பணியின் எளிமைக்கு ஒரு சான்று போதும். 1930 ஏப்ரல் 18, பெரிய வெள்ளிக்கிழமை. அன்று மாலை, சொல்லத்தக்க செய்தி ஏதுமில்லை என்று அறிவித்துவிட்டு, எஞ்சிய நேரத்துக்குப் பியானோ இசையை விட்டனர். இன்றைய செய்திப் பெருக்கத்தில் உழல்வோர்க்கு அது பொறாமை தரும் நாளாகவும் தோன்றலாம். போர் வந்ததும் பத்திரிகை அதிபர்களின் வேலி தானே சரிந்தது.

காலைப் பொழுதின் பெருநிகழ்ச்சியாகிய ‘டுடே’ 1957 அக்டோபர் 28-இல் தோன்றியது. தொடக்கத்தில் அது அரசியல் மேடையன்று. வேலைக்குப் புறப்படுவோர்க்கான சிறு சிறு பேச்சுக்களின் தொகுப்பு. 1958 முதல் 1971 வரை அதனை நடத்திய ஜாக் டி மானியோ, கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வதில் அடிக்கடி தவறியவர். பேருந்தைத் தவற விட்டோர் எத்தனை பேரோ, ஆயினும் நேயர்கள் அவரை விரும்பினர். எழுபதுகளுக்குப் பின்னரே, அமைச்சர்களை வரவழைத்து எட்டு மணிச் செய்திக்குப் பின் கேள்வி தொடுக்கும் களமாக அது மாறியது. அதன் மதிப்பைக் காட்ட வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னசி சொல்லி வரும் செய்தி ஒன்றுண்டு. அணுவாயுதம் தாங்கி ஆழ்கடலில் திரியும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், தாயகம் அழிந்துவிட்டதா என்று அறியச் செய்யும் சோதனைகளுள் ஒன்று, நான்காம் நிலையத்தின் காலை நிகழ்ச்சி ஒலிக்கிறதா என்று பார்ப்பதாம்.

இதே நிகழ்ச்சியின் நடுவே மூன்று நிமிடம் சமயச் சிந்தனை ஒன்று இடம்பெறுகிறது. 1970 முதல் அதற்கு இன்றைய பெயர். கிறித்துவர் மட்டுமே பேசிய அவ்விடத்தில் பின்னர் யூதர், முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர், பௌத்தர் ஆகியோரும் பேசலாயினர். சமயம் சாராதோர்க்கும் இடம் வேண்டும் என்னும் கோரிக்கை பலமுறை எழுந்து பலமுறை மறுக்கப்பட்டது. அதனினும் பழையது 1928 ஜனவரி 2 முதல் நாள்தோறும் நடைபெற்ற திருச்சபை வழிபாடு. ஒரு பெண்மணி நிலையத்தாருக்கு ஓயாது எழுதி எழுதிப் பெற்ற நிகழ்ச்சி அது. நெட்டலையின் தனி நிகழ்ச்சிகள் 2024-இல் நிறுத்தப்பட்டபோது அதுவும் நான்காம் நிலையத்தை விட்டு வேறு நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது.

பத்து மணிக்கு மாதர் நிகழ்ச்சி. 1946 அக்டோபர் 7-ஆம் நாள் பி.பி.சி.யின் வேறொரு நிலையத்தில் இது தொடங்கியபோது நேரம் பிற்பகல் இரண்டு. நண்பகல் உணவுப் பாத்திரங்களைக் கழுவி வைத்த பின்னும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன்னும் இல்லத்தரசிக்குக் கிடைக்கும் ஓய்வு அதுவே என்று கணக்கிட்டிருந்தனர். மாதர்க்கென அமைந்த அந்நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமி என்னும் ஆடவர் என்பதை வரலாறு புன்னகையோடு குறித்து வைத்திருக்கிறது. ஆனால் இதனைச் சமையற் குறிப்பும் தையற் குறிப்பும் என்று தள்ளிவிடலாகாது. நாற்பதுகளின் இறுதியிலேயே, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் துன்பங்களை ஒலிவாங்கியில் பேசத் துணிந்தனர்; கழகத்து மேலதிகாரிகள் சிலர் முகம் சுளித்தனர். வீட்டுக்குள்ளும் வாய்விட்டுச் சொல்லாதவற்றைப் பெட்டி சொல்லிற்று. 1973-இல் இது நான்காம் நிலையத்துக்கு வந்தது. 1991-இல் பிற்பகலிலிருந்து காலைக்கு மாற்றப்பட்டபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. இரண்டு மணி இல்லத்தரசி என்பவள் அப்போது பெரும்பாலும் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ இருந்தாள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மாற்றத்தை எதிர்த்தோர் பழக்கத்துக்காகப் போராடினர். அந்தப் பழக்கத்தைப் பிறப்பித்த வாழ்க்கை முறையோ ஏற்கெனவே மாறியிருந்தது.

ஒரு மணிச் செய்தி விளக்க நிகழ்ச்சி 1965-இலும், ஐந்து மணி நிகழ்ச்சி 1970-இலும் பிறந்தன. பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்ட்கேசில் முன்னதன் முதல் தொகுப்பாளர். அவர் பத்திரிகையாளரின் வேகத்தையும் கேள்வி முறையையும் வானொலிக்குக் கொண்டு வந்தார். இவை பிறப்பதற்கு முன்னால் அகற்றப்பட வேண்டியிருந்த தடை ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பாராளுமன்றத்தில் இன்னும் பதினான்கு நாட்களுக்குள் விவாதத்துக்கு வரவிருக்கும் பொருளைப் பற்றி வானொலியில் எவரும் விவாதிக்கலாகாது என்பது 1944 முதல் இருந்த விதி. நாட்டு மக்கள் எதனைப் பற்றி அறிய மிகவும் விரும்புவரோ அதனைப் பற்றி, அறிய வேண்டிய வேளையில், வாய் திறக்கலாகாது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தபோது இவ்விதியின் பொருந்தாமை எல்லார்க்கும் விளங்கிற்று. ஊரெல்லாம் பேசும் பொருளை வானொலி பேசாதிருப்பதெங்ஙனம்? அவ்வாண்டின் இறுதியில் விதி நிறுத்தி வைக்கப்பட்டது, பின்னர் மடிந்தது. எனினும் பாராளுமன்றத்துக்குள் ஒலிவாங்கி நிலையாக நுழைய 1978 ஏப்ரல் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்களின் கூச்சலை முதன்முறை கேட்ட நேயர் பலர் திடுக்கிட்டனர்.

இனி, பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஒலிக்கும் ‘ஆர்ச்சர் குடும்பத்தார்’. உலகில் மிக நீண்ட காலம் நடந்துவரும் நாடகத் தொடர் இதுவே என்பர். போர் முடிந்தும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு முடியவில்லை. 1954 வரை நீடித்தது. விளைச்சலைப் பெருக்க வேண்டும். புதிய உரமும் விதையும் முறையும் உழவரைச் சென்றடைய வேண்டும். வானொலியிலோ உழவர்க்கான உரைகள் இருந்தன; கேட்பார் குறைவு. 1948-இல் பர்மிங்காமில் உழவர் பிரதிநிதிகளைக் கூட்டி யோசனை கேட்டனர். அந்நாளில் ‘டிக் பார்ட்டன்’ என்னும் துப்பறியும் தொடர் நாட்டையே கட்டிப் போட்டிருந்தது. ஹென்றி பர்ட் என்னும் உழவர் எழுந்து, உழவர்க்கும் ஒரு டிக் பார்ட்டன் வேண்டும் என்றார். அவையோர் சிரித்தனர். சிரிப்பு அடங்கிய பின் அச்சொல்லைச் சிந்தித்தவர் காட்பிரே பேஸ்லி. 1950 மே மாதம் ஒரு வாரம் மட்டும் வட்டார அளவில் சோதித்துவிட்டு, 1951 ஜனவரி 1 முதல் நாடெங்கும் ஒலிபரப்பினர். சில மாதத்தில் டிக் பார்ட்டனின் இடத்தையே அது பிடித்துக் கொண்டது. கேலியாகத் தோன்றிய சொல் அப்படியே பலித்தது.

ஆம்பிரிட்ஜ் என்பது கற்பனைக் கிராமம். ஆனால் அங்கே மாட்டுக்கு நோய் வந்தால் மருந்து உண்மை மருந்து. விதைப்புக் காலம் உண்மைக் காலம். விவசாய அமைச்சின் ஆலோசனையோடு எழுதப்பட்ட அத்தொடரின் கல்விப் பணி 1972-இல் முறையாக முடிவுற்றது. அதற்குள் நகரத்து மக்களே அதன் பெருவாரியான நேயராகிவிட்டனர். 1955 செப்டம்பர் 22-ஆம் நாள் பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அன்று மாலையே கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளம் மனைவி, தீப்பற்றிய கொட்டிலிலிருந்து குதிரையை மீட்கச் சென்று உயிரிழந்தாள். புதிய தொலைக்காட்சியைப் பற்றிப் பேசவேண்டிய நாடு மறுநாள் கிரேசைப் பற்றிப் பேசிற்று. நிலையத்துத் தொலைபேசிகள் ஓயவில்லை. போட்டிக்காக ஒரு பெண்ணைக் கொன்றது முறையா என்று கேட்டவரும் இருந்தனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அத்தொடரின் தொடக்கக் காலம் முதல் பில் ஆர்ச்சராக நடித்த நார்மன் பெயின்டிங் 2009-இல் மறையும் வரை அதே பாத்திரத்தை நடித்தார். 2016-இல் ஹெலன் என்னும் பெண்ணைக் கணவன் சொல்லாலும் கட்டுப்பாட்டாலும் நசுக்கும் கதை வந்தது. அத்தகைய கொடுமையைக் குற்றமாக்கும் சட்டம் அங்கு 2015 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்ததை நாடகம் காதுக்குக் கொண்டு வந்தது. கற்பனை ஹெலனின் பெயரால் நேயர்கள் திரட்டிய ஒரு இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட நிதி, உண்மையில் அடைக்கலம் தேடும் பெண்களுக்குச் சென்றது.

மாலை ஆறு மணிச் செய்திக்கு முன் ஒலிப்பது பாராளுமன்றக் கோபுரத்தின் பிக் பென் மணி. போர்க்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு அம்மணியோசை கேட்டு மக்கள் ஒரு நிமிடம் வாய்பேசாது வேண்டினர். செய்தி படிப்போர் தம் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் 1940-இல்தான். பகைவர் நாட்டில் இறங்கி நிலையத்தைக் கைப்பற்றினால், பொய்க் குரலையும் மெய்க் குரலையும் மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே காரணம். புகழுக்காகச் சொல்லப்பட்ட பெயரன்று அது.

1978 நவம்பர் 23 முதல் நான்காம் நிலையம் 1,500 மீட்டர் நெட்டலையில் ஒலித்தது. டிராய்ட்விச் கோபுரத்தின் அந்த அலை கடலையும் கடந்து கண்டத்துக் கரையோரங்களிலும் கேட்கும். 1992-இல் அந்நெட்டலையை நான்காம் நிலையத்திடமிருந்து எடுத்து, இருபத்து நான்கு மணிநேரச் செய்தி நிலையத்துக்குத் தரும் திட்டம் வெளியாயிற்று. முந்தைய ஆண்டு வளைகுடாப் போரின்போது பண்பலையில் ஓயாத செய்தி ஒலிபரப்பிய அனுபவமே அத்திட்டத்தின் வித்து. ஆனால் பண்பலை எட்டாத ஊர்களில் இருந்தோரும், வெளிநாட்டுக் கரைகளில் இருந்தோரும் தம் நிலையத்தை இழக்க நேரும். மறியலுக்கும் ஊர்வலத்துக்கும் பழக்கமில்லாத மக்கள் 1993-இல் இலண்டனில் ஒலிபரப்பு மாளிகை நோக்கி ஊர்வலம் சென்றனர். திட்டம் கைவிடப்பட்டது. செய்தி நிலையம் 1994-இல் மத்திய அலையில் வேறாகத் தொடங்கிற்று.

இரவு பத்தே முக்காலுக்கு ஒரு நூலைப் பகுதி பகுதியாகப் படிப்பர். 1949 முதல் வரும் வழக்கம் அது. பதினொன்றரைக்குப் பாராளுமன்றத்தின் அன்றைய நடவடிக்கை. நள்ளிரவில் மீண்டும் பிக் பென். பின்னர் ரோனல்டு பிஞ்சு அமைத்த மெல்லிய கப்பலோட்ட இசை எழும். கடலில் இருப்போர் அலைவரிசையைப் பிடித்துக் கொள்ளவும், அறிவிப்பாளர் சரியான நொடிக்குத் தொடங்கவும் அதன் நீளம் கூட்டியும் குறைத்தும் அமையும். பன்னிரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு வைக்கிங் பகுதியிலிருந்து கடல்கள் மீண்டும் பெயர் சொல்லி அழைக்கப்படும். அறிவிப்பாளர் விடைபெறுவார். நாட்டுப் பண் ஒலிக்கும். ஒரு மணிக்கு அலைவரிசை உலக ஒலிபரப்பின் கைக்கு மாறும். 1932-இல் பேரரசு ஒலிபரப்பாகத் தொடங்கிய அதன் குடையின் கீழேதான் 1941 முதல் 2017 வரை தமிழும் சிற்றலையில் ஒலித்தது. ஐந்து மணிக்குப் பின் நான்காம் நிலையம் தன் அலையைத் திரும்பப் பெற்றுக் கொள்ளும். மீண்டும் கடலின் நிலையை அறிவிக்கும்.